தாழ்ப்பாள்

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, கார் நிறுத்துமிடம்.
பஜேரோவின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு
பிளைவுட் அறுக்கிறேன்.
நான்காம் மாடியிலிருந்து திருமதி லிம்:
"சவப்பெட்டியா?"
"இழுப்பறை, ஆன்ட்டி."
நம்பவில்லை. தூசிக்குப் பயந்து
போர்வையை மட்டும் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

சக்கர வளைவு எந்த அளவுகோலுக்கும் பிடிகொடுக்காது.
மைலோ அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கிழித்து
அதன் முதுகைப் படியெடுத்தேன்.

இடப்பக்கம் இழுவைக்கயிறு, மண்வெட்டி.
வலப்பக்கம் அடுப்பு, அரிசி,
வினோதரன் தன் பங்காக அனுப்பிய
பதினோரு சார்டின் டின்கள்.

பாலிக் புலாவ் ஏற்றத்தில், மூன்றாம் வளைவில்
பின்கதவுக்குள் இடி.
இறங்கித் திறந்தால்
இரண்டும் ஒருசேர நாக்கை நீட்டின.
சறுக்குத் தண்டவாளத்துக்கு நானூறு வெள்ளி கொடுத்தவள்
தாழ்ப்பாளை மறந்திருக்கிறேன்.

மழையில் டின்களைப் பொறுக்கி
துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினேன்.
ஒன்பதுதான் கிடைத்தன.
துப்பட்டா இன்னும் அங்கேயே.