ஈரக் கழிவு

கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேலே
பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்பு பி பிரிவில்
சாயங்காலம் ஐந்தரைக்கு
கல்லூரிக்கு முந்திய கணக்கு.
பிள்ளைகள் உயரத்துக்குச் செய்த பெஞ்சு.
முழங்காலை எங்கே வைப்பது என்பதே
முதல் வாரம் முழுக்க எனக்குத் தீராத கணக்கு.

பெனிட்டா மிஸ்ஸுக்கு இருபத்து நாலு.
எனக்கு முப்பத்தொன்று.
வருகைப் பதிவில் யோகமலர் அக்கா என்று கூப்பிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
பிறகு அப்படியே கூப்பிட்டாள்.

பக்கம் மாறினால் குறி மாறும், என்றாள்.
ஏன் மாறணும், என்றார் பிக்கப் ஓட்டும் போஜன்.
மிஸ் சாக்பீஸை வைத்துவிட்டு யோசித்தாள்.
உண்மையில் எதுவும் நகர்வதில்லை அண்ணா,
இரண்டு பக்கமும் ஒன்றையே கழிக்கிறோம்,
பார்க்கத்தான் தாண்டிப்போன மாதிரி இருக்கும்.

ஹட்டனில் அப்பா இந்தியாக்காரர்.
மண்டபத்தில் இறங்கியதும் சிலோன்காரர்.
நான் எதுவும் கேட்கவில்லை.
நோட்டில் அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

எக்ஸுக்கு முன்னால் நிற்கும் எண்ணுக்குக்
கெழு என்று பெயர்.
கெழுமி நிற்பது, ஒட்டி நிற்பது.
ஒன்றாக இருந்தால் எழுத வேண்டாமாம்.
எழுதாவிட்டாலும் அங்கே இருக்குமாம்.

புத்தகத்தில் ஒருவர்
ஐந்து பேனா ஏழு பென்சில் வாங்குகிறார்,
தனித்தனி விலை கேட்காமல்.
அதே கடையில் இன்னொருவர்
மூன்று பேனா நாலு பென்சில்.
அவரும் கேட்கவில்லை.
"நம்ம ஊரில் இப்படி வாங்கினால்
கடைக்காரன் மாடி எடுத்துருவான்," என்றார் போஜன்.
மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:
தெரியாதது இரண்டு என்றால்
ஒரு சமன்பாடு போதாது. இன்னொன்று வேண்டும்.
இன்னொரு ஆள் வேண்டும் என்று
நான் தப்பாக எழுதிக்கொண்டேன்.

கடைசி பஸ்ஸைக் கெங்கரை வளைவில்
காட்டெருமை மறித்தது.
டிரைவர் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.
இருட்டில் சில்லறை துழாவிய விரலில்
இன்றைய இலைச் சீட்டு.

தராசு முள் காட்டியது முப்பத்திரண்டு.
சீட்டில் இருபத்தேழு.
ஈரக் கழிவு, சாக்குக் கழிவு என்பார் நஞ்சுண்டன் கிளார்க்.
எதற்கு எவ்வளவு என்று சொல்லமாட்டார்.
மாசி மாதம். மழை பெய்து ஐந்து வாரம்.
பனிம்மா பனி, என்பார்,
மத்தியானம் மூன்று மணிக்கு.

இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை.
அடுத்த லைனில் மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டேன்.
அவளுக்கு முள் இருபத்திரண்டு, சீட்டு பதினெட்டு.
எதுக்குடி, என்றபடி
அடுப்பு வெளிச்சத்துக்குச் சீட்டைத் தள்ளினாள்.

ஒன்றின் கீழ் ஒன்று எழுதிக் கழித்தேன்.
சாக்கு இரண்டிலும் ஒரே சாக்கு,
கழித்ததும் விழுந்துவிட்டது.
இலையில் பத்துக் கிலோ வித்தியாசம்,
சீட்டில் ஒன்பது.
அப்படியென்றால் நூற்றுக்குப் பத்து ஈரம்.
திரும்பப் போய் இட்டுப் பார்த்தால்
சாக்கு ஒரு கிலோ எண்ணூறு.

இரண்டு பேரும் கொஞ்சநேரம்
சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
தேவசகாயம் கடையில் பாதிக் கதவு சாத்தியிருந்தது.
குனிந்து உள்ளே போய்த் தராசில் வைத்தோம்.
எண்ணூறு கிராம்.
வேறென்ன வேணும், என்றார்.
ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டோம்.

போன டெஸ்டில் விடை சரி,
சரிபார்க்கவில்லை என்று
மிஸ் அரை மார்க் குறைத்திருந்தாள்.
அரை மார்க்குக்காகத்தான்
தூங்கப் போன ஜெஸிந்தாவைத் தட்டி எழுப்பினேன்.

முள் எவ்வளவு காட்டியது?
நாற்பத்திரண்டு.
சீட்டைப் பார்த்தியா?
இல்லை, ரவிக்கையில் இருக்கு.
எடுக்காதே. இரு.
உள்ளங்கையில் பேனாவால் போட்டேன்.
வேர்வையில் மை பரவியது.

முப்பத்தாறு, என்றேன்.

நாலாய் மடித்த சீட்டை
அவசரமில்லாமல் பிரித்தாள்.
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

இலை போடும்போது நீ அங்கே இல்லையே,
என்றாள்.