முழங்கால் எங்கே போகும்

நாட்டிங்காம் அருகே, பீஸ்டனில்,
ஒரு காலத்தில் லேஸ் பின்னிய ஆலையின் மூன்றாம் மாடி.
பெர்னிஸ் நீலத்தையும் மஞ்சளையும் பிசைகிறாள்
பச்சையாகும்வரை.
இரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும்.
அதற்குள் ஓர் ஆள் பிறந்தாக வேண்டும்,
கட்டைவிரலின் மேற்கணு உயரத்தில்.

மேசையில் வரைபடம்: போர்க்கவசம்,
ஆளைப் போல இரண்டரை மடங்கு.
வலத்தோளில் ஒரு பீரங்கி, இடத்தோளில் ஒன்று.
"நடுவுல இடம் இருக்கே" என்கிறார் முதலாளி,
காலியிடம் கண்டால் பீரங்கி நடுகிறவர்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
உள்ளே இருப்பவனின் முழங்கால் எங்கே போகும்?

யாரும் யோசித்திருக்கவில்லை.
இயந்திரத்தின் முட்டி மடங்கும் இடத்துக்கு
அவன் பாதமே எட்டாது.
இடுப்பு திரும்பினால் முதுகெலும்பு முறியும்.
வரைந்தவர் கணக்கில் அவன்
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை, அவ்வளவே.

அன்று கேன்டீனுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்திருந்தது.
அதன் அட்டைப்பெட்டிக்குள் பெர்னிஸ் இறங்கினாள்.
விதிகள் எழுதும் கெதின் வெளியே
டேப்பும் டார்ச்சுமாக.
"முட்டி நெஞ்சுகிட்ட வருது. எழுது.
கை குறுக்கே. எழுது."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"மூக்கு அரிக்குது. சொறிய முடியல."
அதையும் எழுதிக்கொண்டான்.

அப்படித்தான் அவன் உருவானான்:
குந்திய கால்கள்,
ஒரு கையுறை மட்டும் கழற்றி,
விரல்கள் மூக்கை நோக்கிப் பாதி வழியில்.
மார்புக்கதவு தனித்துண்டு.

வார்ப்பறையில் லுபோமிர் முணுமுணுத்தான்:
அச்சில் மாட்டும், ரப்பர் கிழியும்,
மூடி ஒட்டினபிறகு யார் பார்க்கப்போறா,
இதுக்குக் காதுமடல் வேற.
காதுமடலைச் சீவிக் கொடுத்தாள்.
கையைத் தரவில்லை.

கதவு திறக்கும் என்றானபின்
விதி ஒன்று வேண்டியிருந்தது.
கவசம் சிதறினால் பகடை உருட்டு;
நாலோ மேலோ விழுந்தால் ஆள் வெளியே குதிப்பான்.

மெய்யெழுத்துக்குத்தான் தலையில் புள்ளி,
உயிர் வந்து ஏறினால் அது விழுந்துவிடும்.
கெதினுக்குத் தமிழ் தெரியாது.
கவசத்துக்கு நூற்று நாற்பது புள்ளி போட்டான்,
ஆளுக்குப் பூஜ்யம்.

டெர்பியில், தேவாலயத்தின் பின்கூடத்தில், சனிக்கிழமைச் சோதனை ஆட்டம்.
லாரி மெக்கானிக் க்ளைவின் கவசம் நாலாம் சுற்றில் வெடித்தது.
பகடையில் ஐந்து.
பச்சைக் கம்பளத்தில், துப்பாக்கி இல்லாமல், ஒரு கை வெறுமையாக,
கட்டைவிரல் கணு உயரம்.
இன்னும் இரண்டு நகர்வில் பாலம் க்ளைவுக்கு.
அவன் டாங்கியைத் திருப்பி
அந்த ஆளுக்கும் ரோவினாவின் பீரங்கிகளுக்கும் நடுவே
குறுக்காக நிறுத்தினான்.
"பாலம்?" என்றாள் ரோவினா.
"இருக்கட்டும்."
தோற்றான்.
பெட்டியின் நுரைப்பஞ்சில் கவசத்துக்குப் பள்ளம் இருந்தது,
இவனுக்கு இல்லை.
சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை முதலாளி அறிக்கையைப் படித்தார்:
பூஜ்யத்துக்காக ஆட்டத்தை விடுறாங்க, சமநிலை கெடுது,
கதவை ஒட்டிடலாம்,
நடுவில் மூன்றாவது பீரங்கி வைக்கலாம்.

பெர்னிஸ் பிசைவதை நிறுத்தவில்லை.
அங்க இடமில்லை என்றாள்,
அவன் முழங்கால் இருக்கு.