வின்கோவின் தோட்டம்

கூபர் பீடியில் நாங்கள் மண்ணுக்குள் குடியிருக்கிறோம்.
மேலே வெயில் குடியிருக்கிறது.

கண் ஆபரேஷனுக்கு அடிலெய்டு போகுமுன்
வின்கோ தன் தோட்டத்தை என் கையில் தந்தான்:
விளிம்பு பெயர்ந்த எனாமல் பேசின்,
விரல் உயரத்தில் நான்கு தைம் செடி,
தகர பெஞ்சு, அதில் பொத்தான் அளவு மனிதன்,
குளத்துக்குப் பதில் உடைந்த கண்ணாடித் துண்டு.

"விடியுமுன் ஊற்று. தலையில் அல்ல, ஓரமாக.
விரலை விட்டுப் பார், ஈரமிருந்தால் விட்டுவிடு.
அதிகம் குடித்தாலும் சாகும். என் தம்பியைப் போல."

மூன்றாம் நாள் ஒரு செடி கருகியது,
ஒரு பக்கம் மட்டும்.
தாகம் என்றே நினைத்தேன்.
இல்லை, குளம்.
மதியமெல்லாம் அது சூரியனை வாங்கிச்
செடிமேல் துப்பிக்கொண்டிருந்தது.

கண்ணாடியைப் பிடுங்கினேன்.
அந்தக் குழியில் ஒரு பீர் மூடியைப் பதித்து
நீர் விட்டேன். பத்து மணிக்குள் வற்றிவிடுகிறது.
லிட்டருக்குக் காசு எண்ணும் ஊரில்
ஒரு மூடித் தண்ணீர்,
மறுபடி ஒரு மூடி.

பெஞ்சையும் நிழலுக்கு நகர்த்தினேன், ஆளோடு.
தொட்டபோது
அந்தச் சின்ன முதுகு சுட்டது.

வின்கோ வந்து கேட்டால்
அவனாகவே எழுந்து போனான் என்பேன்.