பதினொன்று

வியன்னாவில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.
அந்த இருட்டு போதாதென்று ஒட்டிலி வானெக்
கதவிடுக்கில் கறுப்புக் கம்பளியைச் செருகுகிறாள்.
கண் பழக அரைமணி நேரம்.
அதுவரை பேசலாம். தீக்குச்சி மட்டும் கூடாது.

பேச்சு பெரும்பாலும் வாடகை, நிலக்கரி விலை.
இன்று ரெகினா கேட்டாள்:
"உன் அப்பா படித்த அணு எப்படி இருந்தது?"
"கோலிக்குண்டு. உடையாது."
"நீ படித்தது?"
"முதல் வருஷம், திராட்சை பதித்த கேக்.
மறுவருஷம் பேராசிரியர் வந்து
கேக்கை அடித்துவிடுங்கள் என்றார்.
ஸ்டெஃபான் தேவாலயம் முழுக்க வெறுமையாம்,
நடுவே ஒரு ஈயாம்,
கனமெல்லாம் அந்த ஈக்குள்ளேயாம்.
நோட்டில் வரைய இடம் போதவில்லை."

பிறகு நுண்ணோக்கி.
துத்தநாக சல்பைடு பூசிய, நகமளவுத் திரை.
ஒரு துகள் மோதினால் ஒரு பொறி.
பொறி என்பதுகூட மிகை;
இமைக்குப் பின்னால் யாரோ
ஊசிமுனையால் தொட்டுவிட்டுப் போனதுபோல.

ஒரு நிமிடம் எண்ணு. ஒரு நிமிடம் ஓய்வு.
எண்ணு.
தும்மினால் அந்த நிமிடம் செல்லாது.
இருபத்து மூன்று. பத்தொன்பது. இருபத்தாறு.
பகுக்க முடியாதது என்று
ஈராயிரம் ஆண்டு நம்பியதெல்லாம்
இவள் வலக்கண்ணில் சில்லு சில்லாய்.
மாடியில் அவற்றைக் கூட்டிக் கட்டுரையாக்குகிறார்கள்.
வேறோர் ஊரில், வேறு கண்கள்,
அதே உலோகம் உடையவே இல்லை என்கின்றன.
கடிதங்கள் மரியாதையாகத்தான் தொடங்குகின்றன.

வியாழக்கிழமை, கடைசி நிமிடம்.
பதினொன்று என்று எழுதிவிட்டு விளக்கைப் போட்டாள்.
ரேடியம் ஈயப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.
பெட்டி பூட்டியபடி.
சாவி இவள் பையில்.

எதை எண்ணினாள்?
பசியையா, தூங்காத நேற்றையா,
இருந்தால் நன்றாயிருக்கும் என்று
மாடியில் எல்லாரும் விரும்பிய ஒன்றையா?
அணுவை அணுகி அணுகி
கடைசியில் தன் கண்ணிலேயே போய் முட்டியிருக்கிறாள்.

"அழித்துவிடு," என்றாள் ரெகினா. "யாருக்குத் தெரியும்?"
ரப்பர் மேசைமேல்தான் கிடந்தது.
ஒட்டிலி பென்சிலை நாக்கில் தொட்டாள்
(அந்தக் கட்டடத்தில் அது கூடாது)
அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினாள்:
மூலம் வைக்கப்படவில்லை.

மாடியில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.
சம்பளம் வந்தது.
அடுத்த வாரம் வேறொருத்தியை எண்ண வைத்தார்கள்.

இரண்டு குளிர்காலம் கழிந்து
குழாயும் கம்பியுமாக ஒரு கருவி வந்து இறங்கியது.
தானே எண்ணுமாம்.
பசிக்காது, ஆசைப்படாது, இருட்டு வேண்டாம்.
எல்லாரும் சாப்பிடப் போன நேரம்
ஒட்டிலி ரேடியத்தைப் பூட்டினாள்,
மூன்று அறை தள்ளிக் கொண்டுபோய் வைத்தாள்,
திரும்பி வந்து கருவியை முடுக்கிவிட்டு
ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டக்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
டக். டக்.

ஏழு.

சுவரிலிருந்தா, தரையிலிருந்தா,
கூரைக்கு மேலே வானத்திலிருந்தா?
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
பென்சிலைத் தேடினாள்.