முதல் ஊசி

நாலு கிலோ நூறு.
எங்கள் தராசு போன செவ்வாயே படுத்துவிட்டதால்
எதிர்த்த மீன்கடையில் நிறுத்தோம்.
அங்கிருந்து வர மாட்டேன் என்றது கப்பல்.

கப்பல் என்பது பெயர். ஆண். மூன்று வயது.
பீடி கட்டும் நூல் பின்காலில் சுற்றி
ஒரு விரல் கறுத்துப்போச்சு. எடுத்தாக வேண்டும்.
மேலப்பாளையத்திலிருந்து இலைத்தட்டோடு வந்த மைமூன்
பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டத் தொடங்கிவிட்டாள்.

தொடைத் தசையில் முதல் ஊசி.
வெறும் வயிறு என்று சத்தியம் செய்திருந்தாள்.
நாலாம் நிமிடம் என் செருப்பில் விழுந்தது
ஒரு நெத்திலித் தலை.
நல்லவேளை, இப்போதே.

பிறகு கண் திறந்தபடியே அடங்கியது.
மூக்கோரத்திலிருந்து மூன்றாம் இமை
பாதிவரை ஏறி நின்றது.
நூற்றெண்பதில் ஓடிய இதயம் தொண்ணூற்றாறில்.
"மௌத்தாயிட்டா?" என்றாள், கை நிற்காமல்.
"இல்ல. மெதுவாயிருக்கு."
"அப்போ இன்னொண்ணு எதுக்கு? ரெண்டையும் ஒண்ணாப் போட்டா என்ன?"

எப்படிச் சொல்ல.
இப்போது கத்தி வைத்தால் எழுந்து கடிக்கும்.
பால்போல் இருக்கும் இரண்டாவது மருந்து
முதல் ஊசி போடாத பூனைக்குப் பிடிப்பதில்
பாதிகூட இதற்கு வேண்டாம்.
அந்தப் பாதியும் சொன்ன நேரத்துக்கு வராது.
பாவநாசத்தில் திறந்த தண்ணீர்
பாளையங்காலில் உன் வீட்டுப் பின்புறம் வர வேண்டாமா?
வரலையே என்று இன்னொரு ஷட்டரையும் தூக்கினால்
எல்லாம் சேர்ந்து வரும்.

சொல்லவில்லை.
சொன்னால் என் முதல் வருடத்து
வெள்ளைப் பூனையையும் சொல்ல வேண்டிவரும்.
முப்பது நொடி பொறுக்காத இந்தக் கட்டைவிரல்.
மூச்சு நின்ற பிறகும் வந்துகொண்டே இருந்தது
நான் கொடுத்தது.

"சொரிமுத்து, கடிகாரத்தைப் பாருடே."
கொஞ்சம் தள்ளினேன்.
தாடை இறுக்கமாகத்தான் இருக்கிறது.
ஊசிக்குழாயிலிருந்து விரலை எடுத்து
மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
பெஞ்சில் ஒரு பீடி முடிந்தது.
இல்லை, இன்னும்.
இரண்டாவது.
மூன்றாவதற்கு நுனி மடிக்கையில்
நாக்கு இழுத்த பக்கம் வந்தது.
குழாயில் முக்கால் மருந்து மிச்சம்.

எழுந்திருக்கத்தான் தாமதம்.
கையுறையில் வெந்நீர் நிரப்பி இரண்டு பக்கமும் வைத்து
ஐந்தரை வரை காத்திருந்தோம்.
எழுந்ததும் சொரிமுத்துவின் முழங்கையைக் கீறிவிட்டு
மீன்கடைப் பக்கம் பார்த்தது.

மைமூன் எண்ணினாள்.
"எட்டுக் கட்டும் பத்தும். வீட்ல இருந்தா இத்தன வராது."
கூடையில் கப்பலையும் இலையையும் வைத்தாள்.
நூல்கண்டை மட்டும்
இடுப்பில் செருகிக்கொண்டாள்.