பன்னிரண்டு டிகிரி

மூடிய வானிலை நிலையத்திலிருந்து
மீன் பெட்டிகளின்மேல் கவிழ்த்துப் போட்டு
படகில் கொண்டுவந்தோம் அந்த டிஷ்ஷை.
இரண்டரை மீட்டர் அகலம்.
வழியில் மழை பிடித்துக்கொண்டது.
கூனுக் அதனடியில் உட்கார்ந்து சிகரெட் குடித்தான்.

விற்றவன் ஒரு வரைபடமும் தந்தான்.
டென்மார்க்கைச் சுற்றி வட்டத்துக்கு வெளியே வட்டம்.
கடைசிக் கோடு ஐஸ்லாந்தைத் தொட்டுவிட்டுத்
திரும்பிக்கொள்கிறது.
அதற்கு இந்தப் பக்கம் வெறும் தாள்.
கிரீன்லாந்தின் தென்கோடியில்
அந்த வெறும் தாளில் நாங்கள் எழுபத்துமூன்று பேர்.

யாரும் எங்களுக்கென்று அனுப்பவில்லை.
பக்கத்து அறையில் விளக்கெரிந்தால்
கதவிடுக்கில் கசியுமே,
அதைத்தான் தட்டேந்திப் பிடித்தோம்.

மற்ற ஊர்களில் டிஷ் வானம் பார்க்கும்.
எங்களுடையது கடலைப் பார்த்தது.
கையை நீட்டி, தொடுவானத்தின்மேல் முஷ்டியை வைத்தால்
கட்டைவிரலுக்குச் சற்று மேலே,
பன்னிரண்டு டிகிரியில் இருந்தது செயற்கைக்கோள்.
நான் திருகாணியில். கூனுக் ஜன்னலோரம்.
தபீதா உள்ளே எண்ணைப் படித்தாள்:
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. முப்பத்தேழு, முட்டாளே.
நாற்பத்தொன்றில் படம்.
நாற்பதில் கறுப்பு.
பழைய பெட்டியில் புள்ளிப் பொழிவுக்குள்
ஓர் ஆளையாவது தேடியெடுக்கலாம்.
இது டிஜிட்டல். அரைகுறையாய்த் தராது.

அவ்வளவு பாடும் இவாலுவுக்காக.
தபீதாவின் மகள். டென்மார்க்கில் கைப்பந்து ஆடுகிறாள்,
முதுகில் பதினேழு.
பாதி ஆட்டங்களில் பெஞ்சில்தான் இருப்பாள்.
அந்தப் பெஞ்சைக் கேமரா கடக்கும் ஒரு நொடிக்குத்
தபீதா தலைவாரிக்கொண்டு உட்காருவாள்.

மார்ச் மாத ஞாயிறு. பதினெட்டுக்குப் பதினெட்டு.
மூன்று நிமிடம் மீதி. இவாலு உள்ளே.
இடப்பக்கமிருந்து ஓடிவந்து எம்பினாள்,
கை பின்னால், பந்து கையில்,
இரண்டு கால்களும் தரையில் இல்லை.

அப்படியே நின்றுவிட்டாள்.

முழங்காலில் சில சதுரங்கள் இடம் மாறியிருந்தன.
எண் பன்னிரண்டு, ஏழு, பூஜ்யம்.
நான் திருகாணியைத் திட்டிக்கொண்டு வெளியே ஓடினேன்.
கேபிளில் பழுதில்லை. காற்றும் இல்லை.
விரிகுடா வாயிலில்
தேவாலயத்தைப்போல் மூன்று மடங்கு உயரத்தில்
ஒரு பனிமலை,
தெற்கேயிருந்து வந்து, சரியாக எங்கள் டிஷ்ஷுக்கு எதிரே
தரைதட்டி நின்றது.
உள்ளே நீலம். ஒரு பக்கம் தண்ணீர் சொட்டியது.
அதற்கு எந்த அவசரமும் இல்லை.

கூனுக் துப்பாக்கியை எடுத்தான்.
எதற்கு என்றேன்.
யோசித்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

தபீதா பெட்டியை அணைக்க விடவில்லை.
காபி போட்டாள். கொஞ்சம் குளிர்கிறது என்றாள்.
ஓத ஏற்றம் அதை நகர்த்த நான்கு மணி நேரமானது.
அதுவரை மகள் அந்தரத்தில்,
உதட்டைக் கடித்துக்கொண்டு.
நான்கு மணி நேரம் ஒரு முகத்தை
யார் அப்படிப் பார்க்க முடியும், அது நேரில் இருந்தால்?
புருவத்தில் ஒரு தழும்பு.
இது எப்போது, என்றாள் தபீதா, எங்களிடம் இல்லை.

படம் திரும்பியபோது வானிலை அறிக்கை.
டென்மார்க்கில் நாளை வெயில்.
அந்த வரைபடத்திலும் நாங்கள் இல்லை.

மறுநாள் தொலைபேசி.
பார்த்தாயாம்மா, கோல் பார்த்தாயா?
தபீதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
பனிமலை தூரத்தில் ஒரு பல்லளவு.
பார்த்தேன் என்றாள்.
புருவத்தில் என்ன காயம், அதைச் சொல்.