நாரி நோ

கதவடியிலேயே பாதி தெரிந்துவிடும்.
குனியாமல் ஒரு செருப்பால் மற்றதைத் தள்ளிக் கழற்றுகிறார்.
கதிரையில் இருக்குமுன்
அதன் கையைத் தடவி, நம்பலாமா என்று பார்க்கிறார்.
இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.

அப்துல் லாபிர், நாற்பத்தாறு, கிண்ணியா.
தொழில்? "மூட்டை" என்றார், அவ்வளவுதான்.
சீனக்குடாவில் மா ஏற்றி இறக்கிப் பதினெட்டு வருசம்,
வீட்டில் சும்மா பதினான்கு மாதம்.

பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கோ,
எவ்வளவு நோகுது?
"நம்பர்லயா மிஸ்? அதுக்கு ஏலாதே."
விடியப்புறம் விறைப்பு,
பஸ்ஸில் உளைவு,
தும்மினால் ஒரு வெட்டு,
மழை இருட்டினால் கடுப்பு.
பிறகு இந்த எறும்புகள்:
நாரியில் புறப்பட்டுத் தொடையின் பின்பக்கத்தால் இறங்கி
இடது காற் சுண்டுவிரல் வரைக்கும்
வரிசை கட்டிப் போகின்றனவாம்.
நான் ஏழு என்று எழுதினேன்.

கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் சில உண்டு.
சலம் அடக்க முடியுதா,
இருக்கிற இடம் மரத்துப்போகுதா
(யன்னலைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றார்),
மெலிஞ்சீங்களா, காய்ச்சல் வந்ததா,
இரவில் நோ எழுப்புதா?
"நோ எழுப்புறல்ல மிஸ். கடன் எழுப்புது."

குப்புறப் படுத்தார்.
மூதூர் இறங்குதுறைப் பலகைகளை இருட்டில்
காலால் எண்ணிப் போவதுபோல்
என் பெருவிரல் முள்ளந்தண்டில் இறங்கியது.
இரண்டு, மூன்று, நாலு.
ஐந்தில் மூச்சு நின்றது.
நோகுதா என்று கேட்கவில்லை,
கட்டில் விளிம்பை அவர் பிடித்த பிடி போதும்.
மல்லாத்தி, காலை நீட்டியபடி உயர்த்த
நாற்பது பாகையில் எறும்புகள் எழும்பின.

நின்று குனியச் சொன்னேன்.
விரல்நுனி முழங்காலைத் தொடவில்லை,
அதற்குள் முகம் வேறொருவருடையதாகிவிட்டது.
மஞ்சள் உறையில் ஸ்கான் படம் கொண்டுவந்திருந்தார்,
காணி உறுதியைப் போலப் பவுத்திரமாய்.
தட்டு பிதுங்கியிருக்காம்.
இனிக் குனிஞ்சால் கால் ரெண்டும் போகுமென்று
யாரோ எங்கேயோ சொன்னார்களாம்.
பள்ளியில் இப்போது கடைசி வரிசை, பிளாஸ்ரிக் கதிரை.
சுஜூதுக்குத் தலையை மட்டும் சாய்க்கிறார்.
"நெத்தி தரையில பட்டு ஒரு வருசம் மிஸ்."
கட்டங்களுக்கு வெளியே, தாளின் ஓரத்தில்
இதை எழுதிக்கொண்டேன்.

மறுபடி குப்புற.
இடுப்பு மெத்தையில் கிடக்கட்டும், கைகளை ஊன்றி
நெஞ்சை மட்டும் உயர்த்துங்கோ.
மூன்றாம் தரம் திட்டினார், என்னையல்ல, ஏதோ ஒரு மூட்டையை.
எட்டாம் தரம்
"வெரல்ல இல்ல மிஸ்."
எறும்புகள் கெண்டைக்காலுக்குத் திரும்பியிருந்தன.
பத்தாம் தரம் முழங்கால் மடிப்புக்கு.
நாரிதான் கூட நோகுது என்றார், பயந்துபோய்.
நோகட்டும்,
அது வீட்டுக்குத் திரும்புகிற நோ என்றேன்.

சேர்ட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு நின்றார்.
தாழ்ந்த யன்னலால் மான் ஒன்று தலையை நீட்டி
(இந்த ஊரில் மான்களுக்கு நம்பர் துண்டு தேவையில்லை)
மேசையில் கிடந்த மஞ்சள் உறையைக் கவ்வியது.
"அடேய்!"
இழுபறியில் உறை கிழிந்து
படங்கள் நிலமெல்லாம் சிதற
லாபிர் குனிந்தார்.
ஒன்று, இரண்டு,
கட்டிலுக்கடியில் போன மூன்றாவதையும்.

நிமிர்ந்த பிறகுதான் கை நாரிக்குப் போனது.
என் முகத்தைப் பார்த்தார்.
"குனிஞ்சனா நான்?"
மானைப் பார்த்துக்கொண்டு நின்றனான், கவனிக்கேல்லை என்றேன்.

இரண்டு மணிக்கொருதரம் பத்து.
பெல்ட்டைக் கழற்றிவையுங்கோ. வெள்ளிக்கிழமை வாங்கோ.
"வெள்ளி ஜும்மா மிஸ்."
சரி, வியாழன்.

அவர் போனபின்
முன்வளைவு: முழங்காலுக்கு மேல்
என்றிருந்ததை வெட்டிவிட்டு எழுதினேன்.
தரை. மூன்று தரம். மான் நின்றது.